டிக்கியில் 12 இஞ்ச் சப், கதவில் கம்பெனி ஸ்பீக்கர்: பாடுகிறவர் குரல் மேலே வர என்ன வழி?

தங்கச்சிமடம்_டிரைவர் | வெள்ளி, இரவு 9:50

வணக்கம் அண்ணன்மாரே. ராமேஸ்வரத்தில் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். பழைய டிசையர் ஒன்று வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் டிக்கியில் 12 இஞ்ச் சப்வூஃபரை (அடிச்சத்தத்துக்கு மட்டுமான ஸ்பீக்கர்) காற்றுத் துளை வைத்த பெரிய போர்ட் பாக்ஸில் வைத்து, தனி மோனோ ஆம்ப்பும் போட்டிருக்கிறார். ஆம்ப் மேல் 1000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான்கு கதவிலும் கம்பெனி ஸ்பீக்கர்தான், ஸ்டீரியோவிலிருந்தே நேராகப் போகிறது.

பிரச்சினை என்னவென்றால், சப் மட்டும் அதிர்கிறது, பாடுகிறவர் குரல் எங்கோ அடியில் கிடக்கிறது. குரல் கேட்கட்டும் என்று வால்யூமை ஏற்றினால் கதவு ஸ்பீக்கர் கரகரக்கிறது, பின்சீட்டில் இருப்பவர்களுக்கு முதுகில் இடிக்கிறது. சப்பைக் குறைத்தாலோ பாட்டு மெலிந்து போகிறது. கோயிலுக்கு வரும் குடும்பங்களை தனுஷ்கோடிக்கு அழைத்துப் போகிறேன். வயதானவர்கள் பாதி வழியிலேயே பாட்டை நிறுத்தச் சொல்கிறார்கள். ராத்திரி ஓட்டும்போது பாஸ் அடிக்கிற நேரமெல்லாம் ஹெட்லைட் வேறு மங்கி எரிகிறது.

ஒரு கடையில் கேட்டதற்கு, கதவு ஸ்பீக்கரை அதிக வாட்ஸ் உள்ளதாக மாற்றினால் போதும் என்றார்கள். அது சரியா? சப்பை விற்க எனக்கு மனசில்லை.

தொண்டி_பாஸ் | வெள்ளி, இரவு 10:15

விற்காதீர்கள். இப்போது வருகிறவர்கள் எல்லாம் சப்பைக் குறை என்றுதான் சொல்வார்கள். பறையும் தவிலும் உருமியும் நெஞ்சில் விழக் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. அந்த அடி காருக்குள் வர வேண்டுமென்றால் பெரிய சப் வேண்டும். உங்கள் வண்டியில் பலம் இல்லாதது முன்பக்கம். அங்கே கை வையுங்கள்.

கீழக்கரை_ஒலி | வெள்ளி, இரவு 11:05

தம்பி, தொண்டிக்காரர் சொன்னதுதான் என் கருத்தும். நான் கார் ஆடியோ வேலை செய்கிறவன், அதிகம் வருவது இந்தப் புகார்தான். சப் ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். திறந்து பார்த்தால் முன்பக்கம் பட்டினி கிடக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டீரியோ பெட்டியில் 50 வாட்ஸ், நான்கு சேனல் என்று அச்சடித்திருப்பார்கள். அது கண நேர உச்சம். வண்டி ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டும் சொச்சமும் இருக்கும். அந்த வோல்ட்டை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குள் சுத்தமாகத் தள்ள முடிவது கணக்குப்படியே 26 வாட்ஸ்தான். உள்ளே ஆகும் இழப்பு போக 15 முதல் 20 நிற்கும். தொடர்ந்து கொடுக்க முடிகிற இந்த அளவைத்தான் ஆர்.எம்.எஸ் என்பார்கள், நாம் பார்க்க வேண்டியது அதுதான். ஆக உங்கள் முன் ஸ்பீக்கர் இரண்டும் சேர்ந்து 36 வாட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோனோ ஆம்ப்பில் 1000 என்று போட்டிருந்தால் ஆர்.எம்.எஸ் பெரும்பாலும் 500 பக்கம் இருக்கும், அடிப்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். 36-க்கும் 500-க்கும் இடைவெளி 11 டெசிபலுக்கு மேல். போதாததற்கு, கண்ணாடி ஏற்றிய கார் ஒரு சின்ன அறை. 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அந்த அறையே தூக்கிக் கொடுக்கும். கதவு ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது என்பதால் அந்த லாபம் சப்புக்கு மட்டும்தான் போகிறது.

கடையில் சொன்னதற்கு வருகிறேன். ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட்ஸ், அது எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். எவ்வளவு பாடும் என்பதற்கு அல்ல. 100 வாட்ஸ் ஸ்பீக்கர் போட்டாலும் ஸ்டீரியோ கொடுப்பது அதே 18 வாட்ஸ்தான். தாங்கும் சக்தி அதிகமுள்ள பல ஸ்பீக்கர்களுக்கு சென்சிடிவிட்டி, அதாவது ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, குறைவு, 86, 87 டெசிபல் என்று இருக்கும். 90, 91 உள்ள சாதாரண ஸ்பீக்கரைவிட அது மெதுவாகத்தான் பாடும். வாங்கும்போது சென்சிடிவிட்டியைக் கேளுங்கள்.

உங்களுக்கு வேண்டியது ஒரு நான்கு சேனல் ஆம்ப், சேனலுக்கு 50 முதல் 75 ஆர்.எம்.எஸ் உள்ளது. 18 வாட்ஸ் 75 ஆனால் 6 டெசிபல் ஏறும். காதுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பணம் செலவழிக்கும் முன் காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. ஸ்டீரியோ மெனுவில் எச்.பி.எஃப் என்று ஒன்று இருக்கும், ஹை பாஸ் ஃபில்டர், குறித்த சுருதிக்குக் கீழே உள்ள சத்தத்தை வெட்டுவது. அது ஆஃபில் இருந்தால் 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். லவுட்னெஸ், பாஸ் பூஸ்ட், ஃபோன் ஆப்பில் உள்ள ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

தங்கச்சிமடம்_டிரைவர் | சனி, காலை 7:20

கீழக்கரைக் காக்கா, காலையில் ஸ்டாண்டில் நிற்கும்போதே செய்து பார்த்தேன். எச்.பி.எஃப் ஆஃபில்தான் இருந்தது. 100-இல் வைத்ததும் கதவில் கரகரப்பு பெரும்பாலும் போய்விட்டது. வால்யூமை இன்னும் நாலைந்து படி கூட ஏற்ற முடிகிறது. சத்தத்தை வெட்டினால் எப்படி சத்தம் கூடும்? புரியவில்லை.

மண்டபம்_கீபோர்டு | சனி, காலை 8:40

இதற்கு நான் சொல்கிறேன் தம்பி. சர்ச் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன், அங்கே பெட்டிகளை மிக்ஸரோடு சரி செய்வதும் என் பொறுப்பு.

ஒரே அளவு சத்தம் வேண்டுமென்றால், சுருதி ஒரு ஸ்தாயி கீழே போகும்போது ஸ்பீக்கரின் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். 160 ஹெர்ட்ஸில் அரை மில்லிமீட்டர் அசைந்தால் போதும் என்று வையுங்கள். 80-இல் 2 மில்லிமீட்டர், 40-இல் 8 மில்லிமீட்டர். கதவில் உள்ள ஆறரை இஞ்ச் கோன் அவ்வளவு தூரம் போகாது, போக முயன்று முட்டும். அந்த நேரத்தில் அதே கோனில்தான் பாடுகிறவரின் குரலும் ஏறி நிற்கிறது. நீங்கள் கேட்ட கரகரப்பு அதுதான். கீழ்ப்பகுதியை வெட்டி எறிந்ததும் கோனும் ஆம்ப்பும் குரலுக்கு மட்டும் உழைக்கின்றன.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சப் ஆம்ப்பில் எல்.பி.எஃப் திருகு, அதாவது குறித்த சுருதிக்கு மேலே உள்ளதை வெட்டும் லோ பாஸ் ஃபில்டர், எங்கே நிற்கிறது? பேஸ் கிடாரின் ஆகக் கீழான தந்தி 41 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 85-இலிருந்து 180 வரை. பெண் குரல் 165-இலிருந்து 255 வரை. எல்.பி.எஃப் 150-இல் நின்றால் ஆண் குரலின் அடிப்பாகம் டிக்கியிலிருந்து வரும், குடத்துக்குள் தலையை விட்டுப் பாடுவது போல் இருக்கும். சொல் புரிவதற்கான மெய்யெழுத்துச் சத்தங்கள் 2000-இலிருந்து 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கின்றன. அடியில் வீக்கம் இருந்தால் அவை மூடிப்போகும்.

சோதிக்கச் சுலபமான வழி, நம் கரையில் தெளிவாக எடுக்கும் இலங்கை எஃப்.எம்மைப் போட்டு ஆண் அறிவிப்பாளர் பேசுவதைக் கேளுங்கள். குரல் டிக்கிப் பக்கத்திலிருந்து உருண்டு வந்தால் எல்.பி.எஃப்பை இறக்குங்கள். குரல் முழுக்க முன்னால் வந்துவிட்ட இடத்தில் நிறுத்துங்கள், பெரும்பாலும் 80-க்கு அருகில் இருக்கும்.

தங்கச்சிமடம்_டிரைவர் | சனி, மதியம் 1:15

அக்கா, திருகு கடைசி வரை ஏற்றித்தான் இருந்தது, 200-இல். பாஸ் பூஸ்ட் திருகும் முழுசாக ஏறியிருந்தது. இரண்டையும் இறக்கினேன். பாதி நோய் தீர்ந்தது போலத் தெரிகிறது. ஹெட்லைட் மங்குவது குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை.

உச்சிப்புளி_ஒயர்மேன் | சனி, மதியம் 2:30

பாஸ் பூஸ்ட் 12 டெசிபல் என்றால் அந்த இடத்தில் 16 மடங்கு பவர் கேட்கும். ஆம்ப் கொடுக்க முடியாமல் அலையின் தலையை வெட்டித் துப்பும். அதுதான் கிளிப்பிங், ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலைக் கருக்குவது. அதை இறக்கியது நல்ல காரியம்.

லைட் மங்குவதற்கு இப்போது ஒயரைப் பார்க்க வேண்டும். நான் வீட்டு ஒயரிங்கும் விசைப்படகு ஒயரிங்கும் செய்கிறவன். நம் கடலோரத்து வண்டிகளில் ஒயர்தான் முதலில் சாகும், அதைக் கடைசியில்தான் பார்ப்பார்கள்.

500 வாட்ஸ் கொடுக்கும் டி கிளாஸ் ஆம்ப் முழுசாக உழைத்தால் 45 ஆம்பியர் பக்கம் இழுக்கும். பாட்டில் அது தொடர்ந்து இராது, அடி விழும் நேரத்தில் மட்டும். சின்னக் கார்களின் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் 70-லிருந்து 100 ஆம்பியர் வரைக்குள்தான். ஏசி, ஹெட்லைட் எல்லாம் அதிலிருந்தே எடுக்கின்றன. அதனால் லேசாக மங்குவது இயல்பு. கண்ணை உறுத்தும் அளவுக்கு மங்கினால் எங்கோ தடை இருக்கிறது.

ஒயரின் ஓரத்தில் ஒரு இழையை எடுத்துக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியது. தடிமன் ஒன்றாக இருந்தாலும் தாமிரம் கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். உப்புக் காற்றில் முனை சீக்கிரம் பொடிந்துபோகும். முழுத் தாமிரம் போடுங்கள். படகுச் சாமான் கடையில் வெள்ளீயம் பூசிய தாமிர ஒயர் கிடைத்தால் அதுதான் நம் ஊருக்கு முதல் தரம், பச்சைக் களிம்பு சுலபத்தில் ஏறாது.

அடுத்தது எர்த். ஆம்ப்பின் எர்த் ஒயர் பாடியில் போல்ட் போட்ட இடத்தைக் கழற்றிப் பாருங்கள். பெயின்ட் மேலேயே முடுக்கியிருப்பார்கள், இல்லை துரு பிடித்திருக்கும். தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, ஒயர் முனையில் உள்ள லக்கை இறுக்கி முடுக்கி, அப்புறம் மேலே கிரீஸோ பெயின்ட்டோ பூசி மூட வேண்டும். வெளியூரில் மூடாமல் விட்டாலும் ஓடும். பாம்பன் காற்றில் நிற்கும் வண்டியில் மழைக்காலம் தாண்டாது. ஒயர் அரை மீட்டருக்குள் இருக்கட்டும், பவர் ஒயரின் அதே தடிமனில்.

சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை ஆம்ப்பின் எர்த் முனையிலும் வைத்துப் பாட்டைப் போடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பழுது. இதில் ஊகத்துக்கு இடமே இல்லை.

கடைசியாக ஃபியூஸ். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா? ஆம்ப்பில் உள்ள ஃபியூஸ் ஆம்ப்பை மட்டும்தான் காக்கும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை ஓடும் ஒயர் எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டால் தீப்பிடிக்காமல் காப்பது பேட்டரி பக்கத்து ஃபியூஸ் மட்டுமே. அது இல்லையென்றால் இன்றைக்கே பாட்டை நிறுத்துங்கள். ஆட்களை ஏற்றிப் போகிற வண்டி.

சாயல்குடி_பொலேரோ | சனி, மாலை 5:00

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு பொலேரோ பிக்கப், டிக்கியே கிடையாது. சீட்டுக்கு அடியில் வைக்கும் சின்ன சப் போட்டால் இந்தச் சிக்கல் வருமா?

கீழக்கரை_ஒலி | சனி, மாலை 5:25

8 இஞ்ச் சீட்டடி சப் கதவு ஸ்பீக்கரை அமுக்காது, பயப்படாமல் போடுங்கள். 40 ஹெர்ட்ஸ் பக்கம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான். கண்ணாடியை இறக்கிவிட்டு மீன் பெட்டி ஏற்றிப் போகிற வண்டி என்றால் தரை ஈரத்திலிருந்து ஒரு இஞ்சாவது தூக்கி வையுங்கள்.

தொண்டி_பாஸ் | சனி, இரவு 8:10

எல்லாம் சரி. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சப்பையும் முன்பக்கத்தையும் சமமாக்கு என்று சொல்லிச் சொல்லி, மீட்டரில் நேர்கோடு வரும்வரை இறக்கிவிடுவார்கள். அது காரில் எடுபடாது. வண்டி ஓடும்போது டயரும் ரோடும் எழுப்பும் இரைச்சலில் பெரும்பகுதி கீழ்ச்சுருதிதான். நின்ற இடத்தில் அளவாக இருந்த பாஸ் ஈ.சி.ஆரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பாதி காணாமல் போகும். தனுஷ்கோடிப் பாதையில் கண்ணாடியை இறக்கினால் இன்னும் மோசம், காக்கா சொன்ன கேபின் லாபம் வெளியே போய்விடும். காதே குறைந்த வால்யூமில் கீழ்ச்சத்தத்தைக் குறைவாகத்தான் கேட்கும், 1933-லேயே ஃப்ளெச்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் பாஸ் நடுச்சத்தத்தைவிட உயர்ந்துதான் நிற்க வேண்டும்.

கீழக்கரை_ஒலி | சனி, இரவு 9:30

மாப்ள, இதில் உங்களோடு சண்டையே இல்லை. கார் ஒலியைச் சரி செய்கிறவர்கள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே 6 முதல் 10 டெசிபல் வரை உயர்த்தித்தான் வைப்பார்கள். நேர்கோட்டில் வைத்தால் காரில் உயிர் இருக்காது. நான் எதிர்ப்பது 60-க்கும் 150-க்கும் நடுவில் உள்ள வீக்கத்தை. அங்கேதான் சப்பும் கதவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அந்த மேட்டை இடித்துவிட்டால் 40 ஹெர்ட்ஸை உயர்த்தினாலும் குரல் சுலபத்தில் மூழ்காது. தவில் அடியில் தொப்பிப் பக்கத்துக் கும்மும் வரும், வலந்தலைச் சொல்லும் தெறிக்கும். இரண்டும் சேர்ந்தால்தானே தவில்.

ஓடும்போது குறைவது பற்றிச் சொன்னது சரி. அதற்குத்தான் சப் ஆம்ப்போடு ஒரு ரிமோட் நாப் வரும். ஸ்டீரிங்குக்குக் கீழே கை எட்டும் இடத்தில் வையுங்கள். ஆம்ப்பின் கெயின் திருகை (ஆம்ப் எவ்வளவு பெருக்க வேண்டும் என்பதற்கானது) ஒருமுறை சரியாக வைத்து அதைத் தொடாமல், நாப்பை மட்டும் இடத்துக்கு ஏற்பத் திருப்ப வேண்டும். தெருவுக்குள் கீழே, ரோட்டில் மேலே, பெரியவர்கள் ஏறினால் மறுபடி கீழே.

தம்பி, ஆம்ப் வாங்கியதும் நான் செய்யும் வரிசையில் செய்யுங்கள். முதலில் சப்பை முழுக்க அணைத்துவிடுங்கள். ஈக்வலைசர் நேராக இருக்கட்டும். ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்துங்கள், 40 படி என்றால் 30. முன் ஆம்ப்பின் கெயினை அடியிலிருந்து மெதுவாக ஏற்றி, குரல் சொரசொரக்கத் தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் இறக்கி விடுங்கள். சப் இல்லாமலே பாட்டு கேட்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நிறுத்திவிட்டுக் கதவைப் பாருங்கள், சப்பால் அதை மூட முடியாது.

அப்புறம் சப். அதன் ஒயரை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஃபோனில் இறக்கி ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப் முனையில் அளக்கலாம். வாட்ஸையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 500 வாட்ஸ், 2 ஓம் என்றால் 31.6 வோல்ட். அதுதான் கெயினுக்கு எல்லை, தாண்டக் கூடாது. எல்லைக்குள் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் காதுதான் சொல்லும். ஒயரை மாட்டிவிட்டு நாப்பைப் பூஜ்ஜியத்திலிருந்து ஏற்றுங்கள். ஒரு இடத்தில் பாஸ் டிக்கியிலிருந்து வருகிறது என்பதே மறைந்து டாஷ்போர்டுக்கு வந்துவிட்டது போல் இருக்கும். அதுதான் இடம்.

சப்பின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்ச்சை மறக்காதீர்கள். 0, 180 டிகிரி இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் நம் வெயிலில் 4.3 மீட்டருக்கு மேல். டிக்கிக்கும் கதவுக்கும் உள்ள தூரத்தில் இரண்டு அலையும் எதிரெதிராக மோதி ஒன்றையொன்று தின்ன வாய்ப்பு உண்டு. டிரைவர் சீட்டில் எந்தப் பக்கம் பாஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள். சப்பை எவ்வளவு ஏற்றினாலும் மிட்பாஸ் (சப்புக்குச் சற்று மேலே உள்ள பாஸ்) அடி விழவில்லை என்று வரும் வண்டிகளில் பாதிக்கு இந்த ஒரு சுவிட்ச்தான் மருந்து.

தங்கச்சிமடம்_டிரைவர் | அடுத்த வியாழன், இரவு 10:40

எல்லோருக்கும் நன்றி. ஒயர்மேன் அண்ணே, நீங்கள் சொன்னபடியே எர்த் லக்கு பெயின்ட் மேல்தான் முடுக்கியிருந்தது, சுற்றிலும் துரு. மீட்டரில் 0.7 வோல்ட் காட்டியது. சுரண்டி முடுக்கி மூடியதும் 0.1-க்குக் கீழே வந்துவிட்டது. பேட்டரி பக்கத்தில் ஃபியூஸே இல்லை. அன்றைக்கே 80 ஆம்பியர் போட்டுவிட்டேன். ஹெட்லைட் இப்போது துடிப்பது கண்ணுக்கே தெரியவில்லை.

நான்கு சேனல் ஆம்ப், சேனலுக்கு 70 ஆர்.எம்.எஸ், பழையது ஒன்று நல்ல நிலையில் கிடைத்தது. முன் கதவுக்கு 91 டெசிபல் ஸ்பீக்கர், மேல்சுருதிக்கான ட்வீட்டர் தனியாக உள்ள செட். காக்கா சொன்ன வரிசையில் செய்தேன். குரல் கண்ணாடிக்கு முன்னால் வந்து நிற்கிறது. சப்பின் நாப் பாதிக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் அடி முன்பைவிட அழுத்தமாக விழுகிறது.

இரண்டு கேள்வி. கதவுக்கு அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டலாமா, உள்ளே தண்ணீர் தேங்கும் என்று பயமாக இருக்கிறது. பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டால் இன்னும் பாஸ் கூடுதலாகத்தான் இருக்கிறது, அதற்கு என்ன செய்வது? ஸ்டீரியோவில் டைம் அலைன்மென்ட் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொடலாமா?

உச்சிப்புளி_ஒயர்மேன் | அடுத்த வியாழன், இரவு 11:10

கதவுக்குள் ஒட்டும்போது அடி விளிம்பில் உள்ள வடிகால் ஓட்டைகளை மட்டும் மூடாதீர்கள். மூடினால் உப்புத் தண்ணீர் தேங்கிக் கதவின் அடி அரித்துவிடும். ஷீட்டைக் கழுவிக் காய்ந்த தகட்டில்தான் ஒட்ட வேண்டும். உப்புப் படிவின் மேல் ஒட்டினால் அதற்கடியில் துரு வளரும்.

கீழக்கரை_ஒலி | வெள்ளி, காலை 6:50

ஒயர்மேன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஷீட்டின் பெரிய வேலை கதவின் உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகளை அடைப்பது. கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் அந்த ஓட்டை வழியாகச் சந்தித்தால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தம் செத்துவிடும். சப்பையும் குரலையும் இணைக்கிற பாலம் அந்த 80-லிருந்து 200 வரைதான். அது கதவிலிருந்து வலுவாக வந்தால் சப்பை ஏற்ற வேண்டிய அவசியமே குறையும். அதனால் ஷீட்டுக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். வெளித்தகட்டுக்கு நடுவில் இரண்டு துண்டு போதும், முழுக்க மெழுகத் தேவையில்லை.

பின்சீட்டுக்கு வருகிறேன். டிசையரில் சப் சீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது, அங்கே கூடுதலாகக் கேட்பதை முழுக்க நீக்க முடியாது. ஆனால் அங்கே குரல் குறைவாகக் கேட்பதால்தான் பாஸ் அதிகமாகத் தெரிகிறது. பின் கதவு ஸ்பீக்கரை மீதி இரண்டு சேனலில் மாட்டி, எச்.பி.எஃப் 120-இல் வைத்து, முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவான அளவில் பாட விடுங்கள். பின்னால் இருப்பவருக்குக் குரல் எட்டிவிட்டால் பாதிக் குறை போய்விடும். பின் சீட்டுக்கு மேலே உள்ள ட்ரேயைத் தட்டிப் பாருங்கள். அது கடகடத்தால் அதன் அடியில் ஃபோம் டேப் ஒட்டுங்கள். பெரியவர்களைத் தொந்தரவு செய்வது பல நேரம் அந்தக் கடகடப்புதான்.

டைம் அலைன்மென்ட், அதாவது பக்கத்து ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தி எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் காதுக்கு வரச் செய்வது, நல்ல பொருள், ஆனால் ஒரு சீட்டுக்குத்தான் வேலை செய்யும். உங்கள் காதிலிருந்து வலது கதவு 90 சென்டிமீட்டர், இடது கதவு 140, சப் 200 என்று வையுங்கள். ஒலி ஒரு மில்லி நொடியில் 35 சென்டிமீட்டர் போகும். தூரத்தில் உள்ள சப்புக்குத் தாமதம் பூஜ்ஜியம், இடதுக்கு 1.7 மில்லி நொடி, வலதுக்கு 3.1. அப்படி வைத்தால் பாடுகிறவர் டாஷ்போர்டின் நடுவில் வந்து நிற்பார். உங்களுக்கு மட்டும். ஆட்கள் ஏறும்போது அணைத்து வையுங்கள். தனியாகத் திரும்பி வரும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

மண்டபம்_கீபோர்டு | வெள்ளி, மதியம் 12:20

ஃபோனில் டெசிபல் ஆப் வைத்து அளக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான ஆப்கள் ஏ எடையில் அளக்கும். அந்த அளவுகோல் 40 ஹெர்ட்ஸைக் கிட்டத்தட்ட 35 டெசிபல் குறைத்துக் காட்டும். திரையில் 80 என்று நிற்கும்போது காருக்குள் சப் 100-க்கு மேல் அடித்துக்கொண்டிருக்கலாம். ஆப் அமைப்பில் சி எடை (கீழ்ச்சத்தத்தை அவ்வளவாகக் குறைக்காத அளவுகோல்) இருந்தால் அதற்கு மாற்றி அளங்கள். அப்போதும் ஃபோன் மைக் மிகக் கீழ்ச்சத்தத்தை முழுசாகப் பிடிக்காது, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, நீங்கள் நாள் முழுக்க அந்த வண்டிக்குள் இருக்கிறவர். அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு வேலையிடங்களுக்குச் சொல்லும் அளவு, ஏ எடையில் 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100-இல் கால் மணி நேரம்தான். காது போனால் திரும்பி வராது, தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி தெருவுக்குள் நுழையும்போது நாப்பை இறக்கிவிடுங்கள். கீழ்ச்சத்தம் சுவரைத் தாண்டிப் போகும், தூங்குகிற குழந்தைக்கும் நோயாளிக்கும் கேட்பது அது மட்டும்தான். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான் எல்லை. மருத்துவமனை, பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம் என்றும் இருக்கிறது.

தங்கச்சிமடம்_டிரைவர் | ஞாயிறு, இரவு 9:15

அக்கா, சி எடைக்கு மாற்றிப் பார்த்துத் திடுக்கிட்டேன். நாப்பை இன்னும் ஒரு படி இறக்கியிருக்கிறேன். பின் கதவு ஸ்பீக்கரும் மாட்டியாச்சு. இன்று மதுரைக் குடும்பம் ஒன்று அரிச்சல்முனை வரை வந்தது, பாட்டியம்மா பழைய பாட்டு இருந்தால் போடச் சொன்னார்.

ஒரே ஒரு குறை, பாக்ஸ் டிக்கியில் பாதியை அடைத்துக்கொள்கிறது, பெட்டி படுக்கை வைக்க இடமில்லை. இதே சப்பைச் சின்ன பாக்ஸில் போடலாமா?

தொண்டி_பாஸ் | ஞாயிறு, இரவு 9:50

போடலாம். போர்ட்டைக் கைவிட்டு துளையே இல்லாமல் மூடிய சீல்டு பாக்ஸாகச் செய்யுங்கள். 12 இஞ்ச் சப் பலவற்றுக்கு 30 லிட்டர் பக்கம் போதும், உங்கள் மாடலின் தாளில் உள்ள அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். போர்ட் பாக்ஸ் பெரும்பாலும் அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். 35 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் சத்தம் குறையும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அடி நறுக்கென்று நிற்கும், உங்கள் கதவு ஸ்பீக்கரோடு இன்னும் நன்றாகச் சேரும். கேபின் லாபம் சீல்டு பாக்ஸின் சரிவை ஓரளவு ஈடுகட்டிவிடும்.

மாற்றும்வரை போர்ட் பாக்ஸில் மிகக் கீழ்ச்சத்தத்தை வெட்டும் சப்சோனிக் ஃபில்டரை 28, 30 ஹெர்ட்ஸில் வைத்திருங்கள். போர்ட்டின் சுருதிக்குக் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இருக்காது. சீல்டு ஆனதும் கெயினையும் ஃபேஸையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும், பழைய இடம் பொருந்தாது.

உச்சிப்புளி_ஒயர்மேன் | ஞாயிறு, இரவு 10:05

எம்.டி.எஃப் பலகை வேண்டாம், நம் ஈரத்தில் ஊதிவிடும். படகுக்குப் போடும் மரைன் ப்ளைவுட் 18 மில்லிமீட்டரில் வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய ஓரத்துக்கும் பாக்ஸின் உள்பக்கத்துக்கும் வார்னிஷ் இரண்டு கை அடித்துக் காய்ந்த பிறகு சப்பை முடுக்குங்கள். திருகெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்.